இருபத்திரண்டு டெசிபல்

கிண்ணியாவிலிருந்து ரிஸ்மியா அனுப்பிய கோப்பு
திரையில் விரிந்தபோது
அலை என்று சொல்ல ஒன்றுமில்லை.
உள்துறைமுகத்தில் காற்றடிக்காத காலைபோல
ஒரு கோடு,
அங்கங்கே கொஞ்சம் சிலிர்த்திருந்தது.

தரம் பதினொன்று, விஞ்ஞானம்,
அலைகள் பற்றிய பாடம்.
கண் தெரியாத ஏழு பிள்ளைகளுக்குத்
தவணைச் சோதனைக்கு முன் போய்ச்சேர வேண்டும்.

கொஞ்சம் சத்தமாக வாசிக்கேலாதா என்று கேட்டேன்.
"ஏலாது அண்ணா, புள்ள எழும்பிரும்.
அவன் படுத்தாத்தான் எனக்கு வாயே கிடைக்கிது."

சரி.
முழுவதையும் தெரிவுசெய்து
இருபத்திரண்டு டெசிபல் கூட்டினேன்.

குரல் வந்தது,
தனியே வரவில்லை.
சீலிங் ஃபேன் வந்தது. பல்லி வந்தது.
மூதூர்ப் பக்கம் போகும் கடைசி பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டு என் மடிக்கே வந்தது.
இத்தனைக்கும் அடியில், விடாமல்,
கிறீச்,
ஏணைக் கயிறு.
ஒரு கையால் ஆட்டிக்கொண்டு
மறு கையால் பக்கம் புரட்டுகிறாள்.

"ஊடகம் இல்லாமல்"
கிறீச்
"ஒலி செல்ல மாட்டாது"
கிறீச்.

இரைச்சலை எடுக்க ஒரு வழி இருக்கிறது.
அவள் வாய் திறக்காத இரண்டு விநாடியை
மென்பொருளுக்குக் காட்ட வேண்டும்:
இதுதான் இந்த வீட்டின் மௌனம், பார்த்துக்கொள்,
இனி எங்கெல்லாம் இது உண்டோ
அங்கெல்லாம் கழித்துவிடு.

ஃபேன் போனது.
கயிறு மசியவில்லை.
வருவதும் போவதுமாய் இருக்கிற சத்தத்தை
மௌனம் என்று நம்பவைக்க முடியாது.
உவர்மலையில் என் அறைக் கதவைச் சாத்தி
மூன்று இரவு
ஒவ்வொன்றாக வெட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது கூலிக்காக இல்லை, எரிச்சலில்.

நாலாம் நாள் சுத்தமான குரல்.
தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல்
இலேசாய் ஒரு வழவழப்பு, அவ்வளவுதான்.
அனுப்பிவிட்டுப் பன்னிரண்டு மணிவரை தூங்கினேன்.

ஜெனுஷன் எடுத்தான்.
"அண்ணா, இந்த அக்கா எங்க இருந்து வாசிக்கிறா?"
கிண்ணியா.
"இல்ல, நீங்க முதல் மாதிரிக்கு அனுப்பினதில
ஒரு வீட்டுக்குள்ள இருந்தா.
இதில ஒரு இடத்திலயும் இல்ல."
கொஞ்சம் பொறுத்து,
"அந்தக் கயிறு ரெண்டு தரம் இழுபட்டா ஒரு வசனம் முடியும்.
நான் அத வச்சுத்தான் பாடமாக்கினது.
அத ஏன் எடுத்தனீங்க?"

நான் பதில் ஒன்று சொன்னேன்.
தரம் என்றோ தெளிவு என்றோ
ஏதோ ஒரு சொல்.

மூன்று இரவைத் திருப்பிப் போட
நாற்பது விநாடி போதுமாயிருந்தது.
இருபத்திரண்டைப் பத்தொன்பதாக்கினேன்.
'அதிர்வு' என்கிற இடத்தில்
அவள் குரல் கூரை தட்டி உடைந்திருந்ததை
அப்போதுதான் கவனித்தேன்.
முந்தி என் காது கயிற்றின்மேலேயே இருந்தது.

வைகாசியில் அடுத்த பாடம் வந்தது.
கோடு இல்லை, நல்ல கொழுத்த அலை.
ஒரு புள்ளிகூடக் கூட்டத் தேவையில்லை.
கயிறும் இல்லை.
ஏன் என்று அவளிடம் கேட்க
என்னவோ எனக்கு வாய் வரவில்லை.
அப்படியே ஜெனுஷனுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் குறுஞ்செய்தி:
"புள்ள நடக்கத் தொடங்கிட்டுதோ?"

திரும்பப் போட்டுக் கேட்டேன்.
தொண்ணூறாம் பக்கத்தில்
சின்னக் காலடி நாலு, தடுக்கி ஐந்து.
தாள் கிழிகிற சத்தம்.
"வெய்யி மன, வெய்யி, அது சோதினைக்கு வாற பக்கம்"
என்று முதல்முறையாக
வாய்விட்டுக் கத்துகிறாள்.

சிவப்பு வரைக்கும் ஏறிய அந்த ஓர் இடத்தை
நான் தொடவில்லை.